நன்கொடைப் பட்டியலை உருமாற்றுவது உலாவியிலா, வழங்கியிலா?

கேள்வி (மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து):
வணக்கம். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் நன்கொடைப் பட்டியலை ஒரே எக்ஸ்எம்எல் (தரவைக் குறிச்சொற்களிட்டு அடுக்கும் வடிவம்) கோப்பில் வைத்திருக்கிறேன். பெயர், டிவிசன் (தோட்டப் பிரிவு), ரிங்கிட் தொகை, கைப்பேசி எண் ஆகியவை அதில் உள்ளன. கோப்பின் தலைப்பில், எக்ஸ்எம்எல்லை வேறு வடிவுக்கு மாற்றும் விதிகளைக் கொண்ட எக்ஸ்எஸ்எல்டி நடைதாளைச் சுட்டும் ஒரு வரியைச் சேர்த்ததும் உலாவியே அதை அட்டவணையாக்கிக் காட்டுகிறது. வழங்கிக்கு (சர்வருக்கு) உருமாற்றும் வேலையே இல்லை. ஆயினும் செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் வீடுகளில் இணையம் மெலிந்துவிடுவதால், நடைதாள் வந்து சேரும்வரை பக்கம் வெறுமையாகவே நிற்கிறது என்று பெரியவர்கள் குறைப்படுகிறார்கள். டிவிசன் வாரியாகத் தொகுப்பதற்கும் இரண்டு இரவுகள் போயின. வழங்கிக்கு மாற்றிவிடலாமா?

மறுமொழி 1:
தொகுப்பதில் நீங்கள் பட்ட பாட்டுக்குக் காரணம் உண்டு. உலாவிகள் அறிந்தது 1999-இல் வெளியான எக்ஸ்எஸ்எல்டி 1.0 மட்டுமே. தொகுப்பதற்கென்றே 2007-இல் 2.0 பதிப்பில் வந்த கட்டளை அவற்றுக்குத் தெரியாது என்பதால், தேடலுக்கான சாவிகளை வரையறுத்து, ஒவ்வொரு குழுவின் முதல் உறுப்பையும் தேடிப்பிடிக்கும் சுற்றுவழியில்தான் போக வேண்டும். வழங்கியில் ஓடும் பிஎச்பி மொழியின் எக்ஸ்எஸ்எல் நீட்சியும் அதே 1.0 தான்; ஆகவே வழங்கிக்கு மாறினால் மட்டும் இந்தத் தலைவலி தீராது. புதிய பதிப்புகளை அறிந்த சாக்சன் என்ற உருமாற்று மென்பொருள் தீர்க்கும், ஆனால் அதன் வழக்கமான வடிவத்துக்கு ஜாவா வேண்டும். மலிவான பகிர்வு வழங்கிகளில் அது கிடைப்பது அரிது. இன்னொன்று: எக்ஸ்எஸ்எல்டி ஆதரவை நீக்கப்போவதாகக் குரோம் குழு 2025-இல் அறிவித்துவிட்டது.

மறுமொழி 2:
ஐயா, கைப்பேசி எண்கள் அட்டவணையில் தெரியாவிட்டாலும், முழு எக்ஸ்எம்எல் கோப்பும் பார்ப்பவரின் கணினிக்கு வந்துவிடுகிறதே! பக்கத்தின் மூலத்தைத் திறந்தால் அத்தனை எண்களும் வரிசையாக நிற்கும். நடைதாள் மறைப்பது கண்ணுக்கு மட்டுமே.

மறுமொழி 3:
பட்டியல் எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறுகிறது? வாரத்துக்கு ஒருமுறைதான் என்றால், ஒவ்வொருவர் திறக்கும்போதும் உலாவியோ வழங்கியோ ஏன் உருமாற்ற வேண்டும்? உங்கள் மடிக்கணினியில் சாக்சனை ஒருமுறை ஓட்டி, பிறக்கும் எச்டிஎம்எல் கோப்பை மட்டும் ஏற்றுங்கள். 2.0 கட்டளைகளும் கிடைக்கும். வழங்கியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. மெலிந்த இணையத்திலும் நடைதாளுக்காகக் காத்திருக்காமல் ஒரே கோப்பு வரும். நிமிடத்துக்கு நிமிடம் மாறும் தரவாக இருந்திருந்தால் நானும் வழங்கியைத்தான் சொல்லியிருப்பேன்.

கேட்டவர்:
எண்கள் வெளியே கிடப்பதை நான் நினைத்தே பார்க்கவில்லை. எக்ஸ்எம்எல் கோப்பை இப்போதே வழங்கியிலிருந்து அகற்றிவிட்டேன். சாக்சனில் தொகுப்பு ஏழு வரியில் முடிந்தது. திருத்தங்களைக் கோயில் செயலாளர் ஞாயிறுதோறும் தாளில் எழுதித் தருவதால், அன்றிரவே ஏற்றிவிடுவேன்.