டெஸ்டுக்கான பீன் எல்லாம் எக்ஸ்எம்எல்லயே கிடக்கட்டுமா, கோட்டுக்கு மாத்துறதா?

வெள்ளவத்தை_கோடர்:
எங்கட புரொஜெக்ட் பழைய ஸ்பிரிங் (ஜாவா ஃபிரேம்வேர்க்). டெஸ்டுக்கு வேண்டிய பொய் டேட்டாசோர்ஸ், எஸ்எம்எஸ் கேட்வே எல்லாம் பீனா, அதாவது ஸ்பிரிங் கட்டித் தாற ஒப்ஜெக்டா, எக்ஸ்எம்எல் பைல்ல எழுதிக் கிடக்கு, ஒரு பைல் இன்னொண்டை இம்போர்ட் பண்ணி அது வேறொண்டை இம்போர்ட் பண்ணி, எந்த டெஸ்டுக்கு எந்த பீன் வருதெண்டு தேடவே மத்தியானம் ஆயிடும். கையால கிளாஸ் பேரை மாத்தினா கம்பைல் ஆகுது, ஓடேக்கதான் வெடிக்குது. ஜாவாவுக்கு மாத்துவம் எண்டுறன், சீனியர் அண்ணா எக்ஸ்எம்எல் எண்டா ரீகம்பைல் இல்லாம மாத்தலாம் தானே எண்டு விடுறார் இல்லை. டெஸ்ட் ஓட நேரமும் நல்லா எடுக்குது, மாத்தினா குறையுமா?

மருதானை_மச்சான்:
ரீகம்பைல் கதை புரொடக்ஷனுக்கு வேணுமெண்டா சரி, டெஸ்டுக்கு என்ன லாபம்? ஸ்பிரிங் 3.0 வந்த 2009ல இருந்தே பீனை ஜாவா கோட்லயே எழுதுற கொன்ஃபிகரேஷன் கிளாஸ் இருக்கு. ஒரேயடியா மாத்த வெளிக்கிடாதீங்க, இம்போர்ட்ரிசோர்ஸ் எண்ட அனொடேஷன் போட்டா பழைய எக்ஸ்எம்எல்லை புது கிளாஸுக்குள்ள இழுத்து வச்சுக்கொண்டு பீன் பீனா கழட்டலாம். பிறகு ஸ்பிரிங் பூட்டுக்குப் போனா கவனம், பூட் 2.1ல இருந்து ஒரே பேர்ல ரெண்டு பீன் இருந்தா, செட்டிங்கை மாத்தாட்டி அது ஸ்டார்ட்டே ஆகாது. இப்ப உங்கட எக்ஸ்எம்எல்ல ரெண்டு பைல்ல ஒரே பேர் இருந்தா பிந்தி வந்தது முந்தினதை சத்தமில்லாம மிதிச்சிட்டுப் போயிடும், உங்கட பழைய டெஸ்ட் கொஞ்சம் அதை நம்பித்தான் பாஸ் ஆகுதோ தெரியாது.

கியூஏ_அக்கா:
டெஸ்ட் ஓடுற நேரம் அதால குறையாது தம்பி. ஸ்பிரிங் கொன்டெக்ஸ்டை (பீன் எல்லாம் சேர்ந்த தொகுப்பை) கேஷ் பண்ணுது, கொன்ஃபிக், புரொஃபைல், மொக் (பொய் ஒப்ஜெக்ட்) எல்லாம் ஒண்டா இருந்தாத்தான் பழசை திருப்பி எடுக்கும். டெஸ்டுக்கு டெஸ்ட் வேற வேற மொக்பீன் போட்டா ஒவ்வொண்டுக்கும் புது கொன்டெக்ஸ்ட் எழும்பும், எக்ஸ்எம்எல் எண்டாலும் ஜாவா எண்டாலும் ஒண்டுதான். கேஷ்ல இருக்கிற கொன்டெக்ஸ்டைத் தூக்கி எறியச் சொல்லுற டர்ட்டிஸ்கொன்டெக்ஸ்ட் கண்ட இடமெல்லாம் இருக்கா எண்டும் பாருங்க. கேஷ் லொக்கை டீபக்ல வச்சா எத்தினை ஹிட் எத்தினை மிஸ் எண்டு காட்டும். சும்மா கணக்குப் போடுற சேர்விஸ் கிளாஸுக்கு ஸ்பிரிங்கே வேண்டாம், நியூ போட்டு கொன்ஸ்ட்ரக்டரால குடுங்க.

தெஹிவளை_டெவ்:
எல்லாத்தையும் கோட்டுக்குள்ள தள்ளுறதும் பைத்தியம்தான். எது எதோட சேருதெண்டது கோட்ல, ஆளுக்கு ஆள் மாறுற யூஆர்எல், டைம்அவுட் எல்லாம் பைல்ல, பாஸ்வேர்ட் ரெண்டிலயும் வேண்டாம். டெஸ்டுக்கு டேட்டாபேஸ் மாதிரி சாமானை டொக்கர்ல எழுப்பித் தாற டெஸ்ட்கொன்டெய்னர்ஸ் பாவிச்சா போர்ட் ஓடேக்கதான் தெரியும், அதை முன்னுக்கே பைல்ல எழுத ஏலாது, ஓடேக்க பெறுமதியைக் குடுக்க டைனமிக்புரொப்பர்ட்டிசோர்ஸ் போடுங்க.

வெள்ளவத்தை_கோடர்:
நன்றி எல்லாருக்கும். இப்ப டெஸ்ட் 'இண்டைக்கு' எண்டு எடுக்கிற திகதியும் எக்ஸ்எம்எல்ல ஒரு புரொப்பர்ட்டியா கிடக்கு, அதையும் கோட்டுக்கு எடுக்கிறதா?

கியூஏ_அக்கா:
ஓம், கட்டாயம். ஜாவா குளொக்கை பீனா வச்சு, நேரத்தை ஒரே இடத்தில நிப்பாட்ட குளொக் டொட் ஃபிக்ஸ்ட் போடுங்க, எதிர்பார்க்கிற விடைக்குப் பக்கத்திலயே நேரமும் தெரியோணும். இல்லாட்டி பில்ட் சேர்வர் யூடிசில (உலகப் பொது நேரத்தில) இருந்தா எங்கட ராத்திரி 12க்கும் விடிய 5:30க்கும் இடையில அங்க முதல் நாள் திகதிதான். +5:30 எண்டு அப்பிடியே எழுதாதீங்க, ஏசியா/கொலம்போ எண்டு சோனை குடுங்க. 1996ல இருந்து 2006 ஏப்ரல் வரைக்கும் இலங்கை நேரம் வேற, பழைய கஸ்டமர் டேட்டா டெஸ்ட்ல இருந்தா அங்க பிழைக்கும்.