டிக்‌ஷனரியை ஜேசானாக மாற்றும்போது கீ தொலைந்துபோவது ஏன்?

கேள்வி (பாம்பனிலிருந்து)

வணக்கம். பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் ஆகிய இடங்களில் கரைக்கு வரும் மீனின் எடையையும் ஏல விலையையும் நாள்தோறும் பதிந்துவைக்கப் பைத்தானில் சிறிய நிரல் ஒன்றை எழுதிவருகிறேன். தரவை டிக்ஷனரியில், அதாவது கீ என்ற தேடுபெயருக்கு ஒரு மதிப்பு என்ற இணைகளாக வைக்கிறேன். இறங்குதளமும் மீனின் பெயரும் சேர்ந்த, டியூப்பிள் எனப்படும் மாறாத் தொகுப்புதான் டிக்‌ஷனரியின் கீ. எடை, விலை, தேதி ஆகியவை மதிப்பில் இருக்கின்றன. இதை ஜேசான் (JSON) என்ற தரவுப் பரிமாற்ற உரை வடிவத்துக்கு மாற்றிக் கைப்பேசிச் செயலிக்கு அனுப்ப வேண்டும். அப்படி மாற்றும் டம்ப்ஸ் (json.dumps) செயற்கூற்றை அழைத்ததும், தரவு வகை பொருந்தவில்லை என்னும் டைப் எரர் வந்தது. அதன் டிஃபால்ட் (default) என்ற இடத்தில், தெரியாத வகைகளை மாற்றித்தரும் செயற்கூறு ஒன்றைக் கொடுத்த பிறகும் கீ பற்றிய எரர் நீங்கவில்லை. ஸ்கிப்கீஸ் (skipkeys) என்ற அமைப்பை ட்ரூ என்று வைத்தால் எரர் வருவதில்லை, ஆனால் கோப்பில் வெற்று அடைப்புக்குறிகள் மட்டுமே இருக்கின்றன. கீயில் மீனின் பெயரை மட்டும் வைத்துப் பார்த்தபோது தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாகப் பின்சாய்கோடும் எண்களுமாக வருகின்றன. எப்படி அமைப்பது முறை?

பதில் (தொண்டியிலிருந்து)

தம்பி, டிஃபால்ட் செயற்கூறு மதிப்புகளுக்கு மட்டுமே அழைக்கப்படும்; கீயை அது தொடாது. ஜேசானில் கீ என்பது சரமாக (எழுத்துகளின் வரிசையாக) மட்டுமே இருக்க முடியும். முழு எண், தசம எண், ட்ரூ, ஃபால்ஸ், மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் நன் (None) ஆகியவை கீயாக இருந்தால் பைத்தான் தானே சரமாக மாற்றிவிடும், டியூப்பிளை மாற்றாது. ஸ்கிப்கீஸ் அத்தகைய பதிவுகளைச் சொல்லாமல் விட்டுவிடும் என்பதால், கணக்கு வைக்கும் நிரலில் அதைப் பயன்படுத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எரர் வராத இடத்தில்தான் கூடுதல் கவனம் தேவை. கடலுக்குச் செல்லும் படகின் டோக்கன் எண் 112 என்பதை முழு எண்ணாகக் கீயில் வைத்தால், திரும்ப வாசிக்கும்போது அது சரமாகவே வரும். 112 என்ற எண்ணைக் கொண்டு தேடினால் கிடைக்காது. ஒரே டிக்‌ஷனரியில் எண்ணாகவும் சரமாகவும் 112 இருந்தால், கோப்பில் ஒரே பெயர் இருமுறை எழுதப்படும். பைத்தானில் வாசித்தால் பிந்தியது மட்டுமே மிஞ்சும்.

ஆகவே கீயில் தகவலை அடைக்காமல், பதிவுகளின் பட்டியலாக மாற்றுங்கள். ஒவ்வொரு பதிவிலும் தளம், மீன், தேதி, எடை, விலை ஆகியவை தனித்தனிப் புலங்களாக இருக்கட்டும். இரண்டு பெயர்களையும் கோடிட்டு ஒரே சரமாக இணைக்கலாம்தான், ஆனால் பெயருக்குள்ளேயே அந்தக் கோடு வரும் நாளில் பிரித்தெடுக்க முடியாமல் போகும்.

பதில் (கீழக்கரையிலிருந்து)

தமிழ் கெட்டுவிடவில்லை, ஐயா. டம்ப்ஸ் இயல்பாக ஆஸ்கி எழுத்துகளை (ஆங்கில எழுத்துகள், எண்கள், சில குறிகள்) மட்டுமே எழுதுகிறது. எந்த ஜேசான் வாசிப்பியும் அதைத் தமிழாகவே மீட்டுவிடும். ஆயினும் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் 3 பைட் எடுக்கும் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் இவ்வடிவில் 6 பைட் எடுக்கும். டம்ப்ஸின் என்ஷூர் ஆஸ்கி (ensure_ascii) என்ற அமைப்பை ஃபால்ஸ் என்று வையுங்கள். கோப்பைத் திறக்கும்போதே யுடிஎஃப்-8 என்று குறிப்பிடுங்கள். விண்டோஸ் கணினியில் அதை விட்டால் எரர் வரக்கூடும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று இருக்கிறது. ‘கொடுவா’ என்பதிலுள்ள ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் துணைக்காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தாலும் பைத்தானுக்கு அவை வெவ்வேறு சரங்கள். ஒரே மீனின் எடை இரண்டு பெயர்களில் பிரிந்துவிடும். பெயரைச் சேமிக்கும் முன் யூனிகோட்டேட்டா நிரலகத்தின் நார்மலைஸ் செயற்கூற்றால், இரண்டு குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

பதில் (மூக்கையூரிலிருந்து)

தேதியை 2024-06-15 என்ற வடிவில் சரமாக வையுங்கள். விலையை டெசிமல் (Decimal) என்ற துல்லியத் தசம வகையில் வைத்திருந்தால் அதற்கும் டைப் எரர் வரும். அதை மிதவை எண்ணாக்காமல் (float), பைசாக் கணக்கில் முழு எண்ணாக அனுப்புவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

எடைப் புலத்தைப் பற்றி அழுத்தமாக ஒன்று சொல்ல விரும்புகிறேன். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுகள் அப்போதும் செல்கின்றன. கடலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பிய நாட்டுப்படகின் எடை 0. கடலுக்கே போகாத விசைப்படகின் எடை 0 அன்று. அது நன், ஜேசானில் நல் (null). இரண்டையும் ஒன்றாக எழுதினால், பிறகு சராசரி எடுப்பவர் தொழிலாளியின் உழைப்பைத் தவறாகக் கணக்கிடுவார். பாண்டாஸ் (pandas) என்ற தரவு நிரலகத்திலிருந்து வரும் தரவில் வெற்று இடங்கள் ‘நான்’ (NaN, எண் அல்லாதது) என்ற மிதவை மதிப்பாக இருக்கும். பைத்தான் அதை அப்படியே எழுதும், ஆனால் ஜேசான் விதிப்படி அது செல்லாது, உங்கள் செயலி முழுக் கோப்பையும் நிராகரிக்கக்கூடும். டம்ப்ஸின் ‘அலவ் நான்’ (allow_nan) என்ற அமைப்பை ஃபால்ஸ் என்று வைத்தால் எழுதும்போதே எரர் வந்து உங்களை எச்சரிக்கும்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. பதிவுப் பட்டியலாக்கிச் சோதித்தேன். எழுதியதைத் திரும்ப வாசித்து ஒப்பிட்டதில் எல்லாப் புலங்களும் பொருந்துகின்றன. நாள்தோறும் புதிய பதிவு சேரும்போது முழுப் பட்டியலையும் மறுபடி எழுத வேண்டுமா?

பதில் (தொண்டியிலிருந்து)

தேவையில்லை. ஒரு வரிக்கு ஒரு பதிவு என்று எழுதி, கோப்பின் இறுதியில் சேர்த்துக்கொண்டே போங்கள். பதிவைப் பல வரிகளாக உடைக்கும் இண்டென்ட் (indent) அமைப்பை மட்டும் கொடுக்காதீர்கள். எழுதும் வேளையில் மின்சாரம் போனாலும் கடைசி வரிதான் பழுதாகும். செயலி வரிவரியாக வாசிக்கும்படி மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.