மழைக்காலத்தில் லான் மஞ்சளாகிறது, யூரியா போடலாமா?

விருகை வாசி:
வணக்கம். சென்னை விருகம்பாக்கத்தில் வீட்டு முன்பக்கம் 400 சதுர அடிக்குக் கொரியன் கிராஸ் போட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. வெயில் காலம் முழுக்கப் பச்சைப்பசேலென்று இருந்தது. ஐப்பசி மழை தொடங்கி மூன்றாவது வாரத்திலிருந்து திட்டுத்திட்டாக மஞ்சள். பிடித்து இழுத்தால் வேரோடு கையில் வந்துவிடுகிறது.

டைமர் வைத்த ஸ்பிரிங்க்ளர் தினமும் காலையில் 20 நிமிடம் ஓடும். போர் தண்ணீர்தான். திருவான்மியூரில் அக்கா வீட்டிலும் அதே நர்சரி புல்லைத்தான் போட்டோம், அங்கும் இதே மழைதான், ஆனால் ஒரு குறையும் இல்லை. நர்சரியில் யூரியா போடச் சொல்கிறார்கள். அப்பா தினமும் காலையில் அந்தப் புல்லில்தான் செருப்பில்லாமல் நடப்பார். கெடுத்துவிடக் கூடாதே என்று கேட்கிறேன்.

மாடித்தோட்டம் முத்து:
தொடர் மழையில் தழைச்சத்து கரைந்து இறங்கிவிடும் நண்பரே, மஞ்சள் அதனால்தான். மழை விட்டதும் கொஞ்சம் யூரியா தூவுங்கள், ஒரு வாரத்தில் தேறிவிடும்.

மண்ணாசை:
முத்து சார் சொல்வது மணல் மண்ணுக்குச் சரி. இங்கே அவசரப்பட வேண்டாம். வேர் கையோடு வருகிறது என்றால் அழுகியிருக்கிறது. அழுகிய வேரால் எந்த உரத்தையும் எடுக்க முடியாது.

அக்கா வீட்டைப் பற்றி நீங்கள் சொன்னதிலேயே பதில் இருக்கிறது. திருவான்மியூர் கடலோர மணல், பெய்யப் பெய்ய உள்ளே இறங்கிவிடும். விருகம்பாக்கம் பக்கம் களிமண். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மண்ணின் துளைகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நின்றுவிட்டால் வேர் மூச்சுத் திணறும். வெயில் காலத்தில் அதே களிமண்தான் உங்கள் புல்லைக் காப்பாற்றியது.

முதலில் அந்த டைமரை நிறுத்துங்கள். நிறுத்துவதற்கு முன் ஒரே ஒரு நாள், நேரான பக்கம் உள்ள நாலு டப்பாவைப் புல்லில் வைத்து, 20 நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் விழுகிறது என்று ஸ்கேலால் அளந்து சொல்லுங்கள். ஒரு மூலையில் ஓரடி ஆழக் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி, வடிந்ததும் மறுபடி நிரப்பிப் பாருங்கள். மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்கினால் நல்ல மண்.

விருகை வாசி:
செய்துவிட்டேன். டப்பாவில் சராசரி 8 மி.மீ. குழியில் மேல் நாலு அங்குலம் நர்சரிக்காரர் கொட்டிய செம்மண். அதற்குக் கீழே ஜல்லி, உடைந்த செங்கல், சிமென்ட் கட்டி. அதற்கும் கீழே சாம்பல் நிறக் களிமண், அழுகிய முட்டை நாற்றம். முதல் தடவை ஊற்றிய தண்ணீரே மறுநாள் காலையிலும் அப்படியே நின்றது.

மண்ணாசை:
அந்த நாற்றம் காற்றில்லாத மண்ணின் அடையாளம். கட்டிட வேலையில் மிதிபட்டு இறுகிய தரைமேல் செம்மண்ணைப் பரப்பிப் புல் போட்டிருக்கிறார்கள். மழையில் உங்கள் புல் ஒரு தட்டில் உட்கார்ந்திருப்பது போலத்தான்.

8 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 8 லிட்டர். உங்கள் 37 சதுர மீட்டருக்குத் தினமும் 300 லிட்டர், அடைமழைக்கு மேலே. சித்திரை வெயிலிலேயே நாளுக்கு 5, 6 மி.மீ.தான் தேவைப்படும்.

இப்போது செய்ய வேண்டியது: நிலம் கொஞ்சம் காயும் வரை அப்பா அங்கே நடக்க வேண்டாம், ஈரக் களிமண் மிதிக்க மிதிக்க இறுகும். காய்ந்ததும் அரையடிக்கு ஒன்றாகக் கடப்பாரையால் முக்கால் அடி ஆழத்துக்குக் குத்தி, துளைகளை மக்கிய தொழுவுரமும் பருமணலும் கலந்து நிரப்புங்கள். மணலை மட்டும் களிமண்ணோடு கொத்திக் கலக்காதீர்கள், செங்கல் மாதிரி இறுகிவிடும். தாழ்ந்த ஓரமாக ஒரு சாண் ஆழ வாய்க்கால் வெட்டி, ஜல்லி போட்டு, மழைநீர் சேகரிப்புக் குழிக்குத் திருப்புங்கள். 2003-க்குப் பிறகு எல்லா வீட்டிலும் அந்தக் குழி இருக்க வேண்டும். வண்டல் அடைத்திருந்தால் அதையும் தூர்வாருங்கள்.

மாடித்தோட்டம் முத்து:
அடியில் இப்படி ஒரு கதை இருப்பது தெரியாமல் சொல்லிவிட்டேன். யூரியா வேண்டாம், மண்ணாசை சொல்வதுதான் சரி.

தோட்டத்தம்மா:
தம்பி, புது வேர் வெள்ளையாக வருவது தெரிந்தபின் அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலைமேல் ஒரு தடவை தெளித்துப் பாருங்கள். நீர் தேங்கி வேர் கெட்டால் இரும்புச்சத்தும் ஏறாது. தரை ஓட்டில் பட்டால் துருக்கறை போகவே போகாது, கவனம்.

மழையைப் பழிக்காதீர்கள். வருஷம் முழுக்கப் போர் தண்ணீர் விட்டுச் சேர்ந்த உப்பைக் கழுவிவிடுவது இந்த மழைதான். ஆனால் வடிகால் இருந்தால்தான் கழுவும். பக்கத்தில் கறிவேப்பிலை, மல்லிகை இருந்தால் அதன் தூரையும் பாருங்கள், அவையும் நின்ற தண்ணீரைத் தாங்காது. மல்லிகைக்குக் கார்த்திகையில் கவாத்து செய்கிற நேரம், தண்ணீரைக் குறைத்தே வையுங்கள்.

விருகை வாசி:
மார்கழி பிறந்துவிட்டது, நிலவரம் சொல்கிறேன். வாய்க்கால் வெட்டிய பிறகு வந்த மழை இரண்டு மணி நேரத்தில் வடிந்தது. முக்கால்வாசி பச்சையாகிவிட்டது. கேட் பக்கம் இரண்டு திட்டு செத்தே போனது. அங்கே ஜல்லியைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதுப் புல் பதிக்கிறேன். கறிவேப்பிலையும் துளிர்த்திருக்கிறது அம்மா, நன்றி. டைமரை எப்போது போடட்டும்?

மண்ணாசை:
போடவே வேண்டாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் வேர் மேலேயே நின்றுவிடும். தை, மாசியில் வாரம் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் டப்பாவில் 12 மி.மீ. சேரும் வரை, விடிகாலையில் விடுங்கள். தண்ணீர் வழிந்து ஓடினால் நிறுத்தி, அரை மணி கழித்து மிச்சத்தை விடுங்கள். சாயங்காலம் விட்டால் இரவெல்லாம் இலை ஈரமாக இருந்து பூஞ்சை பிடிக்கும். புதுப் புல்லுக்கு மட்டும் வேர் பிடிக்கும் வரை பூவாளியால் தினமும் லேசாக.

இனி அப்பா நடக்கலாம். அவர் நடந்து போன பிறகு பாருங்கள். புல் சட்டென்று நிமிர்ந்தால் ஈரம் போதும். காலடித் தடம் அப்படியே கிடந்தால் மறுநாள் விடிகாலை தண்ணீர் விடுங்கள்.