குலசேகரப்பட்டினத்தில் ஏவப்படும் தனியார் ராக்கெட்டால் சேதம் நேர்ந்தால் இழப்பீடு தர வேண்டியவர் யார்?

கேள்வி: உடன்குடி ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். உடன்குடிக்கு அருகில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்திற்கு 28.02.2024 அன்று அடிக்கல் நாட்டப்பட்டதிலிருந்து, எங்கள் வகுப்பில் விண்வெளி பற்றிப் பேச்சு வராத வாரமே இல்லை. சென்ற வாரம் மணப்பாட்டிலிருந்து வரும் ஒரு மாணவன் எழுந்து, "இஸ்ரோ விட்ட ராக்கெட் எங்க அப்பா வள்ளத்துல விழுந்தா அரசாங்கத்தக் கேக்கலாம் சார். கம்பெனி விட்ட ராக்கெட் விழுந்தா யாரக் கேக்கணும்?" என்றான். தெரிந்துகொண்டு வந்து சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும்.

1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கையையும் விண்பொருள்களால் நேரும் சேதத்துக்கு யார் பொறுப்பு என்று கூறும் 1972ஆம் ஆண்டின் பொறுப்பு உடன்படிக்கையையும் தேடிப் படித்தேன். இரண்டும் நாடுகளைப் பற்றித்தான் பேசுகின்றனவே தவிர, நிறுவனங்களை நேரடியாகக் கட்டுப்படுத்துவதாகத் தெரியவில்லை. அப்படியானால் தனியார் நிறுவனம் இந்த வலையிலிருந்து நழுவிவிடுகிறதா? சட்டம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: வழக்கறிஞர், மதுரை

ஆசிரியர் ஐயா, உங்கள் மாணவன் கேட்டது சட்டக் கல்லூரித் தேர்வில் கேட்கத் தகுந்த கேள்வி. முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன்: பன்னாட்டுச் சட்டத்தின் பார்வையில் தனியார் நிறுவனத்தின் விண்வெளிச் செயல் என்று தனியாக ஒன்று இல்லை. 1967 உடன்படிக்கையின் 6ஆவது பிரிவு, அரசு சாராதவர்கள் விண்வெளியில் செய்வதற்கும் அவர்களுடைய நாடே பொறுப்பு என்றும், அந்த நாடு அவர்களுக்கு அனுமதி வழங்கித் தொடர்ந்து மேற்பார்வையிட வேண்டும் என்றும் கூறுகிறது. சென்னையின் அக்னிகுல், ஹைதராபாத்தின் ஸ்கைரூட் ஆகிய தனியார் ராக்கெட் நிறுவனங்களுள் எது ஏவினாலும், வெளிநாட்டார் கண்ணுக்கு அது இந்தியா ஏவியதுதான்.

1972 உடன்படிக்கை இதை மேலும் இறுக்குகிறது. ஏவும் நாடு என்பது ராக்கெட்டை ஏவிய நாடு மட்டுமன்று. ஏவச் செய்த நாடு, எந்த நாட்டின் மண்ணிலிருந்து ஏவப்பட்டதோ அந்த நாடு, எந்த நாட்டின் ஏவுதளம் பயன்பட்டதோ அந்த நாடு ஆகிய அனைத்தும் ஏவும் நாடுகளே. எனவே நாளை ஓர் அயல்நாட்டு நிறுவனம் தன் செயற்கைக்கோளைக் குலசேகரப்பட்டினத்திலிருந்து அனுப்பினால், அதன் பொறுப்பில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. சேதம் அடைந்த நாடு அவற்றுள் எந்த ஒரு நாட்டிடமிருந்தும் முழுத் தொகையையும் கோரலாம். பிறகு அவர்களுக்குள் பங்கிட்டுக்கொள்வது அவர்கள் பாடு.

தரையிலோ கடற்பரப்பிலோ பறக்கும் விமானத்திலோ சேதம் நேர்ந்தால் தவறு யாருடையது என்று நிரூபிக்க வேண்டியதே இல்லை. ஏவிய நாடு கொடுத்தே ஆக வேண்டும். விண்வெளியிலேயே மோதிக்கொண்டால் மட்டும் தவறை நிரூபிக்க வேண்டும். அது எவ்வளவு கடினம் என்பதற்கு 10.02.2009 சான்று. அன்று இரிடியம் 33 என்ற அமெரிக்கத் தனியார் செயற்கைக்கோளும், செயலிழந்து கிடந்த காஸ்மாஸ் 2251 என்ற ரஷ்யச் செயற்கைக்கோளும் சைபீரியாவுக்கு மேலே ஏறத்தாழ 790 கிலோமீட்டர் உயரத்தில் மோதிச் சிதறின. வழிகாட்ட இயலாத செத்த செயற்கைக்கோளின் மீது தவறா, விலகிச் செல்லும் திறன் இருந்தும் விலகாத செயற்கைக்கோளின் மீது தவறா என்பதை எந்த மன்றமும் தீர்க்கவில்லை. இரு தரப்பும் இந்த உடன்படிக்கையின்கீழ் இழப்பீடு கோரவே இல்லை.

இனித்தான் உங்கள் மாணவனுக்கு உரிய பகுதி வருகிறது, அது கசப்பானது. பொறுப்பு உடன்படிக்கையின் 7ஆவது பிரிவு, ஏவும் நாட்டின் சொந்தக் குடிமக்களுக்கு நேரும் சேதத்திற்கு இந்த உடன்படிக்கை பொருந்தாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. குலசேகரப்பட்டினத்து ராக்கெட்டின் பாகம் வேறு நாட்டுப் படகின் மீது விழுந்தால் அந்த நாடு டெல்லியிடம் கேட்கலாம். மணப்பாட்டு வள்ளத்தின் மீது விழுந்தால் இந்த உடன்படிக்கையில் அதன் உரிமையாளருக்கு ஒரு வரிகூட இல்லை. அவருக்கு உள்ளது நம் நாட்டுச் சட்டம் மட்டுமே.

விண்வெளிச் சேதத்துக்கென ஒரு தனிச் சட்டம்தான் நம் நாட்டில் இல்லை. 2017 நவம்பரில் விண்வெளிச் செயல்பாடுகள் மசோதாவின் வரைவைக் கருத்துக் கேட்பதற்காக வெளியிட்டார்கள். அரசுக்கு எதிராக எழும் கோரிக்கைகளை உரிமம் பெற்றவர் ஈடுகட்ட வேண்டும் என்ற விதி அதில் இருந்தது. ஆனால் அது சட்டமாகவில்லை. 2023இல் வந்த இந்திய விண்வெளிக் கொள்கையும், அதைத் தொடர்ந்து 2024இல், தனியார் விண்வெளிப் பணிகளுக்கு அனுமதி வழங்கும் ஒன்றிய அரசின் அமைப்பான இன்-ஸ்பேஸ் வெளியிட்ட வழிமுறைகளும் நிர்வாக ஆணைகள். நாடாளுமன்றச் சட்டத்தின் வலிமை அவற்றுக்கு இல்லை. அனுமதி பெறும் நிறுவனம் அரசிடம் என்ன உறுதி அளித்தாலும் அது நிறுவனத்துக்கும் அரசுக்கும் இடையிலான ஏற்பாடு. மூன்றாவது ஆளான மீனவர் அதைக் காட்டி நேரடியாக உரிமை கோருவதற்குத் தெளிவான வழி எழுதப்படவில்லை.

பதில் 2: ஏவுதளப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்

வழக்கறிஞர் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஊர் மக்கள் வீண் அச்சம் கொள்ளக் கூடாது என்பதால் களத்தில் நடப்பதைச் சொல்கிறேன். ஒவ்வொரு ஏவுதலுக்கும் முன்னால், எரிந்து முடிந்து கழன்றுவிடும் ராக்கெட் பகுதிகளான கட்டங்கள் விழக்கூடிய கடற்பகுதிகளைக் கணக்கிட்டுக் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் முன்னறிவிப்புச் செய்கிறார்கள். ராக்கெட் பாதை தவறினால் அதை வானிலேயே அழித்துவிடும் அதிகாரம் பாதுகாப்பு அதிகாரி ஒருவரிடம் இருக்கும். அவர் திரையில் தெரியும் இரண்டு கோடுகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பார்; ராக்கெட்டின் புள்ளி எல்லைக் கோட்டைத் தாண்டும் என்று தெரிந்தால், அதை உருவாக்க எத்தனை ஆண்டுகள் ஆனது என்பதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை.

குலசேகரப்பட்டினத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் இதே பாதுகாப்புக் கணக்குதான் காரணம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்குச் செல்லும் ராக்கெட், இலங்கை நிலப்பரப்பின் மேல் பறக்கக் கூடாது என்பதற்காக வளைந்து செல்கிறது. பெரிய ராக்கெட்டுக்கு அந்த வளைவு தாங்கும். 500 கிலோ சுமக்கும் எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறிய ராக்கெட்டுக்கு அதனால் எடுத்துச் செல்லும் எடையில் பெரும் இழப்பு ஏற்படும். குலசேகரப்பட்டினத்திலிருந்து நேராகத் தெற்கே திறந்த கடல்தான்.

இருந்தாலும் விழாது என்று யாரும் உறுதி தர முடியாது. 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன் ஹெட் கடற்கரையில், ஆள் உயரத்தைவிடப் பெரிய உருளை ஒன்று சிப்பிகள் ஒட்டிய நிலையில் கரை ஒதுங்கியது. அது நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மூன்றாம் கட்டமாக இருக்க வாய்ப்பு மிகுதி என்று அந்நாட்டு விண்வெளி முகமை அறிவித்தது. யாருக்கும் காயமில்லை. 2025 பிப்ரவரி 19 அன்று போலந்தில் போஸ்னான் நகருக்கு அருகே ஒரு கிடங்கின் பின்புறம் விழுந்தது ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் பால்கன் 9 ராக்கெட்டின் எரிபொருள் அமைப்பைச் சேர்ந்த கலன். அங்கும் ஆளுக்குச் சேதமில்லை. தனியார் ராக்கெட்டும் விழும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

உடன்குடி ஆசிரியர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வெளிநாட்டு மீனவருக்கு உள்ள உரிமை நம் மீனவருக்கு இல்லை என்பதைப் படித்தபோது மனம் கனத்தது. வேறு நாடுகளிலும் சொந்தக் குடிமக்கள் இப்படித்தான் நிற்கிறார்களா? இன்னொன்றும் கேட்க வேண்டும். என் மைத்துனரும் மணப்பாட்டில் ஃபைபர் வள்ளம் வைத்திருக்கிறார். அவருடைய கவலை ராக்கெட் தலையில் விழுவது பற்றியதன்று. ஏவும் நாளெல்லாம் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொன்னால் அன்றைய பிழைப்புக்கு யார் பொறுப்பு என்பதே.

பதில் 3: சட்ட மாணவி, சென்னை

சார், உங்கள் முதல் கேள்விக்கு 08.03.2024 அன்று அமெரிக்காவில் நடந்தது சரியான விடை. பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து 2021இல் கழித்துவிடப்பட்ட பழைய மின்கலங்களின் தாங்கியிலிருந்து, ஏறத்தாழ 700 கிராம் எடையுள்ள ஓர் உலோகத் துண்டு புளோரிடாவின் நேப்பிள்ஸ் நகரில் ஒரு வீட்டின் கூரையையும் தளத்தையும் துளைத்துக்கொண்டு இறங்கியது. அந்தக் குடும்பம் நாசாவிடம் 80,000 டாலருக்கும் மேல் இழப்பீடு கோரியது. அவர்கள் அமெரிக்கர்கள் என்பதால் உடன்படிக்கையைக் காட்ட முடியவில்லை. உள்நாட்டுச் சட்டத்தின் வழியாகவே கேட்க வேண்டியிருந்தது. அதே துண்டு வேறொரு நாட்டு வீட்டில் விழுந்திருந்தால் தவறை நிரூபிக்காமலே பணம் கிடைத்திருக்கும் என்பதை அவர்கள் தரப்பு வழக்கறிஞர்களே சுட்டிக்காட்டினார்கள்.

ஆனால் தனியார் ஏவுதலுக்கு அமெரிக்காவில் தெளிவான ஏற்பாடு உண்டு. உரிமம் கேட்கும் நிறுவனம், அந்த ஏவுதலால் மூன்றாம் நபருக்கு நேரக்கூடிய இழப்பைக் கணக்கிட்டு, உச்சமாக 50 கோடி டாலர் வரை காப்பீடு எடுத்தாக வேண்டும். அதற்கு மேல் போனால் குறிப்பிட்ட வரம்பு வரை அரசு கைகொடுக்கும். பிரான்சும் 2008இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. நாம் பின்தங்கியிருப்பது ராக்கெட்டில் அல்ல, இந்த ஒரு சட்டத்தில்தான் என்பதே என் ஆதங்கம்.

வழக்கறிஞர், மதுரை

மாணவி குறிப்பிட்ட காப்பீடுதான் உயிர்நாடி. புதிதாகத் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் மீது தீர்ப்பு வாங்கினாலும், அதன் கையில் பணம் இல்லையென்றால் தீர்ப்பைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. கூடங்குளம் உங்களிடமிருந்து தொலைவில் இல்லை. அணு விபத்து இழப்பீட்டுக்கு நாடாளுமன்றம் 2010இலேயே தனிச் சட்டம் இயற்றியதை நினைத்துப் பாருங்கள்.

ஆயினும் உங்கள் மீனவர் கைவிடப்பட்டவர் அல்லர். டெல்லி ஸ்ரீராம் ஆலையின் வாயுக் கசிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986 டிசம்பரில் அளித்த தீர்ப்பின்படி, அபாயகரமான தொழிலை நடத்துகிற நிறுவனம் அதனால் விளையும் தீங்குக்கு எந்த விதிவிலக்கும் இன்றி முழுப் பொறுப்பு ஏற்க வேண்டும். ராக்கெட் ஏவுதலை அந்த வகைக்குள் கொண்டுவர வலுவாக வாதிடலாம். நிறுவனத்தின் மீது உரிமையியல் வழக்கும், அனுமதி அளித்து மேற்பார்வையிட வேண்டிய ஒன்றிய அரசின் மீது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிப் பேராணை (ரிட்) மனுவும் தொடுக்க இடமுண்டு. ஆனால் அது வழக்காடிப் பெற வேண்டியது. விண்ணப்பித்துப் பெறுவது அல்ல.

மைத்துனரின் கேள்விக்கு உடன்படிக்கைகளில் விடை இல்லை. உயிரிழப்பு, காயம், உடல்நலக் கேடு, சொத்துச் சேதம் இவை மட்டுமே அங்கே 'சேதம்'. கடலுக்குப் போகாத நாளின் வருமானம் அதில் சேராது. இது முழுக்க முழுக்க உள்ளூர் நிர்வாகத்தோடு பேசித் தீர்க்க வேண்டியது. பழவேற்காட்டு மீனவர்களை ஸ்ரீஹரிகோட்டா ஏவுதல் நாட்களில் கடலுக்குள் விடுவதில்லை. ஒடிசாவின் சண்டிப்பூரில் ஏவுகணைச் சோதனைக்காக வீட்டைவிட்டு வெளியேற்றப்படும் கிராம மக்களுக்கு நாள்கணக்கில் தொகை வழங்குகிறார்கள். அதை முன்மாதிரியாகக் காட்டி, ஏவுதல் தொடங்குவதற்கு முன்பே ஊர்க் கமிட்டி மாவட்ட ஆட்சியரிடமும் மீன்வளத் துறையிடமும் எழுத்து மூலம் கோரிக்கை வைத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளட்டும். வள்ளத்தின் பதிவுச் சான்று, காப்பீடு இருந்தால் அதன் ரசீது, நாள்தோறும் மீன் ஏலத்தில் விற்ற கணக்கு ஆகிய மூன்றையும் இப்போதிருந்தே ஒரே கோப்பில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். எத்தனை நாள் தொழில் போனது, எவ்வளவு வருமானம் போனது என்று நாளை யார் கேட்டாலும் காட்ட வேண்டியது அந்த ஏலக் கணக்கைத்தான்.