வைட்டமின் ஈ மாத்திரை போட்டா கற்றாழை ஜெல் ஆறு மாசம் தாங்குமாம்!

முதுநகர் வாசி: கற்றாழைச் சோத்தை அரைச்சு 2 வைட்டமின் ஈ மாத்திரையைக் குத்தி ஊத்திட்டா, ஆறு மாசம் அலமாரியிலேயே இருக்கும்னு நேத்து வெட்டிவேர் ராணி எழுதியிருக்காங்க. அதுக்கு லைக் வேற குவியுது. கற்றாழைச் சோத்துல நூத்துக்கு 98 பங்குக்கு மேல தண்ணி. வைட்டமின் ஈ எண்ணெய்ல கரையும், தண்ணியில கரையாது. எண்ணெய் சிக்கு வாடை அடிக்காம காக்கும், அதோட அதன் வேலை முடிஞ்சது. பூஞ்சையையோ பாக்டீரியாவையோ தொடவே தொடாது. ஃபிரிட்ஜ்ல வெச்சா 5 நாள், மிஞ்சினா 7. ஆறு மாசம் எங்கேருந்து வந்துச்சு?

வெட்டிவேர் ராணி: பதிவைப் பாதி படிச்சுட்டு வந்து ஆடறீங்களே அண்ணே. இலையை வெட்டி அரை மணி நேரம் நிமிர்த்தி வெச்சு மஞ்சப் பாலை வடிய விடணும், சோத்தை 3 தடவை அலசணும், பாட்டிலை 10 நிமிஷம் கொதிக்க வெச்சுக் கவுத்துக் காய வைக்கணும்னு எழுதினது கண்ணுல படலையா? மஞ்சப் பால் மிச்சமிருந்தா தோல் அரிக்கும், ஜெல்லும் ரோஸ் கலராயிடும். அதைப் பார்த்துட்டுத்தான் கெட்டுப்போச்சுன்னு கொட்டறாங்க. அது கெட்டதில்ல, காத்து பட்டது. அதைத் தடுக்கத்தான் வைட்டமின் ஈ.

முதுநகர் வாசி: கலரை யார் கேட்டா? ஆறு மாசம்னு எழுதினீங்களா இல்லையா? 200 கிராம் ஜெல்லுல 2 மாத்திரை போட்டு மிக்ஸில சுத்திப் பாருங்க. வெள்ளையா நுரைக்கும், கலந்துட்ட மாதிரியே தெரியும். ராத்திரி ஆட்டாம வெச்சுட்டுக் காலைல ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிங்க. மேல பொட்டுப் பொட்டா மஞ்ச எண்ணெய் மிதக்கும், ரசத்துல தாளிப்பு மிதக்கற மாதிரி. கீழ இருக்கற தண்ணிக்கு யார் காவல்? கலருக்கே போனாலும் வைட்டமின் சி போட்டா நியாயம், தண்ணியில கரையறது அதுதான்.

முத்தியால்பேட்டை: ஐஸ் ட்ரேயில ஊத்தி ஃப்ரீசர்ல வெச்சுட்டு, தினம் ஒரு கட்டி எடுத்தா தீர்ந்தது.

வெட்டிவேர் ராணி: கடையில விக்கறவன் ரெண்டு வருஷம்னு ஒட்டினா வாயை மூடிட்டு வாங்குவீங்க. வீட்டுல ஒரு பொம்பள செஞ்சா உடனே ஆராய்ச்சி!

முதுநகர் வாசி: அவன் கெடாம காக்கற ஃபீனாக்சி எத்தனால் போடறான், 1 சதவீதத்துக்குள்ள. இல்லேன்னா சோடியம் பென்சோயேட் 0.5 சதவீதம், அதுவும் ஜெல்லோட புளிப்பு அளவு, அதான் பி.ஹெச்., 5-க்குக் கீழ இருந்தாத்தான் பலிக்கும். நீங்க மாத்திரையக் குத்தறீங்க. பூஞ்சை கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே உள்ள குடித்தனம் நடத்தும் அக்கா. ஈர விரலை ஒரு தடவை விட்டாலே போதும். ஆறு மாசமாம்!

புதுவை நலங்கு: ஜெல்லை விடுங்க, ராணியக்காவோட நலங்கு மாவைப் பார்த்தீங்களா? அரைக் கிலோ பாசிப்பயறுக்கு 100 கிராம் கார்போகரிசி விதை! அதுல சோரலென்னு ஒரு பொருள் இருக்கு. குளிச்சுட்டு வெயில்ல போனா தோல் கருகிக் கொப்புளிக்கும். பூலாங்கிழங்கு 100, ஆவாரம்பூ 50, கஸ்தூரி மஞ்சள் 50, கொஞ்சம் வெட்டிவேர், இதுவே யதேஷ்டம். எல்லாம் சருகாக் காஞ்சிருக்கணும். கடற்காத்துல ஈரம் ஏறினா பத்தே நாள்ல கட்டி கட்டி வண்டு வரும்.

வெட்டிவேர் ராணி: நீங்க பெரிய மார்க்கெட்டுல வாங்கற வெட்டிவேரே எங்க கடலூர்ப் பக்கத்து மணல்ல விளையறது. பாண்டிக்காரங்க எங்களுக்குப் பாடம் எடுக்கறீங்களா?

புதுவை நலங்கு: விளையறது உங்க ஊரா இருக்கட்டும். கார்போகரிசியைக் கேட்டா வெட்டிவேருக்குத் தாவறீங்களே.

முத்தியால்பேட்டை: போன வருஷம் சோப்புப் பதிவுல 'காஸ்டிக் சோடா இல்லாத சோப்பு'ன்னு இதே ராணியக்கா சண்டை போட்டது ஞாபகம் வருது.

வெட்டிவேர் ராணி: பழைய பகையைக் கிளறத்தான் வந்தியா தம்பி? நான் சொன்னது ரெடிமேட் சோப்பு பேஸ்.

முதுநகர் வாசி: அந்த பேஸையும் காஸ்டிக் சோடாவுலதானே செஞ்சான்? சரி, அதை அப்புறம் வெச்சுக்கலாம். ஆறு மாசம்ங்கற வரி இன்னும் பதிவுல அப்படியே இருக்கு. பார்த்துட்டுத்தான் எழுதறேன்.

வெட்டிவேர் ராணி: இருக்கும். எடுக்க மாட்டேன். நாளைக்கு உதட்டுக்கு பாம் போடறேன், தேன்மெழுகு 1 பங்கு, தேங்காய் எண்ணெய் 4 பங்கு. அதுலயும் வைட்டமின் ஈ உண்டு. வந்து கத்துங்க.

முதுநகர் வாசி: கத்திரி வெயில்ல 1-க்கு 4 கொழகொழத்துடும், எண்ணெயை 3 பங்காக் குறைங்க. வைட்டமின் ஈ அதுல தாராளமா ஊத்துங்க, அதுல தண்ணியே இல்ல. ஜெல்லுக்கு இன்னும் பதில் வரல.