முன் சஸ்பென்சன் சத்தத்துக்கு ‘மொத்தொலி’

காரின் முன் சஸ்பென்சனிலிருந்து (சில்லுகளைத் தாங்கி வீதியின் அதிர்வை வாங்கும் அமைப்பிலிருந்து) ‘டொக்’கென்று எழும் கனத்த சத்தத்துக்கு, தொழிற்பயிற்சி மாணவருக்கான சொற்பட்டியலில் ‘மூட்டுத் தட்டல்’ என்று இடலாம் என்ற முன்மொழிவை ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடத் தொடங்குமுன்பே குற்றம் மூட்டில்தான் என்று அச்சொல் முடிவுகட்டிவிடுகிறது. எல்லாக் காய்ச்சலையும் நெருப்புக்காய்ச்சல் என்று அழைத்தால் வைத்தியம் எப்படித் தடுமாறுமோ, அப்படியே கராஜிலும் நேரும்.

உடைந்த ஒழுங்கையில் மெதுவாகப் போகையில், ஒரு பக்கச் சில்லு மட்டும் குழியில் இறங்கி ஏறும்போது சத்தம் கேட்டு, இரு சில்லுகளும் ஒருசேர வேகத்தடையில் ஏறும்போது அது பெரிதும் அடங்கிவிட்டால், இரு பக்கச் சில்லுகளையும் தொடர்புபடுத்திக் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்ரெபிலைசர் கம்பியின் லிங்கையே (இணைப்புத் தண்டையே) முதலில் ஐயுறவேண்டும். ஏனெனில் இரு பக்கமும் சமமாக உயரும்போது அக்கம்பி முறுக்கப்படுவதில்லை. நிற்கும் காரில் ஸ்ரியறிங்கைத் திருப்பும்போதே சத்தம் வந்தால் ஸ்ரட்டை (அதிர்வுதாங்கியும் சுருள்வில்லும் ஒன்றாய் அமைந்த தூணை) காரின் உடலோடு பொருத்தும் மேல் மவுண்டைப் பார்க்கவேண்டும். பிறேக் பிடிக்கும் கணத்திலும், ரிவேர்ஸிலிருந்து முன்னோக்கி எடுக்கும் கணத்திலும் ஒருமுறை மட்டும் மொத்துமானால், சில்லைக் காரின் உடலோடு இணைக்கும் கீழ்க் கையின் றப்பர் புஷ் கிழிந்திருக்கலாம். கரடுமுரடான வீதியில் பிறேக்கை இலேசாக மிதித்தவுடன் சத்தம் நின்றுவிட்டாலோ, அது சஸ்பென்சனுக்கே உரியதன்றி, கலிப்பரில் (பிறேக் பாட்டைத் தட்டோடு அழுத்தும் பாகத்தில்) பிறேக் பாட் தளர்ந்து ஆடுவதாக இருக்கக்கூடும்.

உறுப்பின் பெயரைச் சத்தத்தோடு கட்டிவிடுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. யாழ்ப்பாணத்தில் இன்றும் ஓடும் மொறிஸ் மைனரின் முன்பக்கத்தில் ஸ்ரட்டும் இல்லை, சுருள்வில்லும் இல்லை. முறுக்குக் கம்பியே அதன் ஸ்பிரிங். 1950இல் வெளிவந்த போர்ட் கொன்சல் போன்ற கார்களோடு பரவத் தொடங்கிய மக்பெர்சன் ஸ்ரட்டோ இன்று ஓடும் விற்ஸ், வகன் ஆர் முதலிய கார்களில் இருக்கிறது. இரண்டுக்கும் பொருந்தும் சொல்லே நமக்கு வேண்டும்.

ஆகவே ‘மொத்தொலி’ என்பதை முன்வைக்கிறேன். தேய்ந்து இடைவெளி விட்ட இரு பாகங்கள், சுமை மாறும் கணத்தில் கனமாக இடித்துக்கொள்வதையே நாம் கேட்கிறோம். மொத்துதல் என்ற வினை அதற்கு அப்படியே பொருந்துகிறது. ‘மொத்த ஒலி’யோடு மயங்குமே என்பார் இருக்கலாம், சொல் வரும் இடத்தை நோக்கின் அம்மயக்கம் நிலைக்காது. ‘மோதொலி’ என்றால் கார் பற்றிய பேச்சில் விபத்தே முன்வந்து நிற்கும். ஸ்ரியறிங்கை முழுதாகத் திருப்பி வேகமெடுக்கையில் எஞ்சின் விசையைச் சில்லுக்குக் கடத்தும் அச்சின் வெளிப்புறச் சீவி ஜொயின்ற் அடுத்தடுத்து எழுப்பும் கூரிய சத்தத்தைச் ‘சொடுக்கொலி’ என்று தனியே பிரித்துவிடலாம்.

சத்தத்தின் காரணத்துக்கு நாம் புதுச்சொல் எதையும் ஆக்கவேண்டியதில்லை. தேய்ந்த பாகத்தின் தளர்வை மெக்கானிக்மார் நெடுங்காலமாகவே ‘ஆட்டம் இருக்கு’ என்கிறார்கள். காரை ஜக்கில் உயர்த்தி, ஸ்ராண்டில் இருத்தி, சில்லை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் தெரிவது கீழ்க் கையைச் சில்லுப் பக்கத்தோடு இணைக்கும் பந்து மூட்டின் அல்லது சில்லுப் பெயரிங்கின் ஆட்டம். இடமும் வலமும் பிடித்து அசைத்தால் தெரிவது பெரும்பாலும் ஸ்ரியறிங்கின் திருப்பலைச் சில்லுக்குக் கடத்தும் ரை றொட் முனையின் ஆட்டம். பந்து மூட்டு முற்றாகக் கழன்றால் சில்லே சாய்ந்துவிடுமாதலால், அங்கே ஆட்டம் கண்ட காரை ஓட்டக்கூடாது என்ற குறிப்பும் பட்டியலில் சேரவேண்டும்.

மேல் மவுண்டுக்கு முன்மொழியப்பட்ட ‘மேல் தாங்கி’ என்பதை இங்கே படிப்பவர்கள் வீட்டுத் தண்ணீர்த்தாங்கி என்றே முதலில் கொள்வார்கள். வேறு சொல் கிடைக்கும்வரை அது ‘மேல் மவுண்ட்’ என்றே இருக்கட்டும்.