ஷாக் மாற்றப் போய் போல்ட்டை ஒடித்த கதைகள்

திசையன்விளைக்காரன்:

போன மாதம் நான் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் உங்கள் கதைகளை எடுத்துவிடுங்கள்.

என்னுடையது 15 வருடப் பழைய வேன். பின்னால் பட்டை ஸ்பிரிங், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஷாக் (குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர்). வாரத்தில் நாலு நாள் உவரி, கூட்டப்புளி, இடிந்தகரை என்று கடலோரமாகவே ஓட்டம். கொஞ்ச நாளாக வேகத்தடையில் ஏறி இறங்கினால் வண்டியின் பின்பக்கம் மூன்று முறை குதித்துவிட்டுத்தான் அடங்கும். குனிந்து பார்த்தால் இரண்டு ஷாக்கிலும் எண்ணெய் கசிந்து, அதன்மேல் தேரி மண் அப்பி, செம்மண் பூசிய சுவர் மாதிரி இருந்தது. புது ஷாக் ஒரு ஜோடி வாங்கினேன். நாலே நாலு போல்ட்தானே, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் ஒன்பது மணிக்குக் கை கழுவிவிடலாம் என்பது என் கணக்கு.

மேல் போல்ட் இரண்டும் முனகிக்கொண்டே வந்துவிட்டன. கீழே இடது பக்கத்தில் நட்டு சுலபமாகக் கழன்றது. அங்கேதான் ஏமாந்தேன். நட்டு கையோடு வந்துவிட்டது, போல்ட் அசையவில்லை. தலையில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் கால் சுற்று போகும். கையை விட்டால் மெதுவாகப் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். இன்னொரு முறை திருப்பினேன், மறுபடியும் திரும்பி வந்தது. நட்டே இல்லாத போல்ட்டை எது பிடித்து வைத்திருக்கிறது என்று அந்த நேரத்தில் யோசிக்கத் தோன்றவில்லை. மரை இருக்கும் முனையில் துரு எண்ணெயை அரை டப்பா அடித்தேன். டீ குடித்துவிட்டு வந்து, அந்த முனையிலேயே சுத்தியலால் நாலு போடு போட்டேன். முனை காளான் மாதிரி விரிந்ததுதான் மிச்சம். இனி நட்டைத் திரும்பப் போடவும் வழியில்லை.

அப்புறம் செய்ததைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஸ்பேனர் பிடியில் மூன்றடி பைப்பைச் செருகி, வண்டிச் சக்கரத்தில் காலை ஊன்றி இழுத்தேன். முதலில் ஒரு இளக்கம் தெரிந்தது. ஆகா, வந்துவிட்டது என்று நினைத்தேன். உடனே ‘டக்’. நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். போல்ட்டின் தலை ஸ்பேனருக்குள்ளேயே இருந்தது, புது வெட்டு வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு.

சத்தம் கேட்டு எதிர் வீட்டு அண்ணாச்சி வந்தார். பஸ் டிப்போவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

“என்னல, ஒடிச்சிட்டியோ?”

“ஆமா அண்ணாச்சி. மரை பிடிச்சிட்டு போல.”

“மரையில எங்கல பிடிக்கும், நட்டுதான் கழண்டுட்டே. புஷ்ஷுக்குள்ள ஒரு குழாய் இருக்குல்லா, அதுலல்லா பிடிச்சிருக்கு.”

பழைய ஷாக்கின் வளையத்தைத் தொட்டுக் காட்டினார். வெளியே இரும்பு வளையம், அதற்குள் ரப்பர், ரப்பருக்குள் ஒரு சின்ன இரும்புக் குழாய். அந்தக் குழாய்க்குள் நுழைந்துதான் போல்ட் அந்தப் பக்கம் போகிறது. போல்ட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் தலைமுடி நுழையும் அளவுதான் இடைவெளி. உப்புத் தண்ணீர் அங்கே இறங்கினால் ஏறி வர வழியில்லை. இரும்பு துருவாக மாறும்போது இடம் அதிகம் கேட்கும். இடமில்லாத இடத்தில் உட்கார்ந்து ஆப்பு வைத்த மாதிரி இறுக்கிவிடும். நான் திருப்பியபோது போல்ட்டும் குழாயும் ஒன்றாகவே சுற்றியிருக்கின்றன. முறுகியது ரப்பர். கையை விட்டதும் திரும்பி வந்தது அதனால்தான். மரையில் அடித்த எண்ணெய்க்கு அங்கே வேலையே இல்லை.

“பழைய ஷாக்குதான, அதுக்கு எதுக்குல பாவம் பாக்க? அறுத்துப் போடு.”

வளையத்துக்கும் பிராக்கெட்டுக்கும் இடையில் ஹாக்ஸா பிளேடு நுழையும் சந்து இருந்தது. கிரைண்டரை எடுக்கப் போனவனை அவர் தடுத்துவிட்டார். பக்கத்திலேயே பிரேக் பைப் போகிறது, பெட்ரோல் டேங்க் கைக்கெட்டும் தூரம். வெறும் பிளேடில் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மல்லாந்து படுத்து, கண்ணில் துரு விழ விழ அறுத்தேன். பக்கத்துக்கு முக்கால் மணி நேரம், மொத்தம் மூன்று பிளேடு. ஷாக் தன் வளையத்தோடு, போல்ட் துண்டையும் வயிற்றில் வைத்துக்கொண்டு கீழே விழுந்தது. பிராக்கெட்டில் மிச்சமிருந்த இரண்டு துண்டுகளை ஒரு கம்பியை வைத்துத் தட்டியதும் உதிர்ந்தன. வலது பக்கத்தைச் சோதித்துப் பார்க்கவே இல்லை. நேராக அறுவைதான்.

ஹார்டுவேர் கடையில் அதே தடிமன், அதே நீளத்தில் இரண்டு போல்ட் வாங்கி, உடம்பெல்லாம் கிரீஸ் தடவி மாட்டினேன். ஜாக்கியில் வண்டி தொங்கிக்கொண்டிருக்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது என்றார் அண்ணாச்சி. சக்கரம் தரையில் நின்று, பாரம் இறங்கிய பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். எல்லாம் முடிந்து நான் கை கழுவும்போது மணி நாலரை.

பாளையங்கோட்டையிலிருந்து, பைக் மட்டும்:

உங்களுக்கு உப்பு, எனக்கு ஆறு. 2023 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. என் 100 சிசி பைக் சிந்துபூந்துறையில் சித்தப்பா வீட்டு வாசலில் நின்றது. தாமிரபரணி வந்து சீட் வரைக்கும் மூழ்கடித்துவிட்டுப் போனது. தண்ணீர் வடிந்த பிறகு என்ஜின் ஆயில் மாற்றினோம், கார்புரேட்டர் கழுவினோம், பிரேக்கைப் பிரித்து வண்டலை எடுத்தோம். ஷாக் நட்டைத் தொட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு வருடம் கழித்து மாற்ற உட்கார்ந்தால், மேலே இருக்கிற தொப்பி நட்டுக்குள் வண்டல் கட்டி, துருப்பிடித்து, கல் மாதிரி ஆகியிருந்தது. 14 ஸ்பேனர் ஒரு முறை வழுக்கியது, அவ்வளவுதான், ஆறு மூலையும் மழுங்கிவிட்டன. உளி வைத்து நட்டைப் பிளந்து எடுத்தேன். நட்டு ஏறும் மரைக் கம்பியான ஸ்டட் ஃபிரேமோடு வெல்டு செய்தது, அதற்கு ஒரு கீறலும் இல்லை. அதுவரைக்கும் சரி.

அதற்கப்புறம்தான் புத்தி கெட்டது. கடையில் ‘10 எம்எம் நட்டு’ என்று கேட்டேன், கொடுத்தார்கள். இரண்டு சுற்று போனது, அப்புறம் இறுகியது. துரு இருக்கும் என்று நினைத்து ஸ்பேனரால் அழுத்தினேன். இரும்புத்தூள் சுருள் சுருளாக வந்தபோதுதான் நிறுத்தினேன். ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 10 எம்எம் நட்டில் மரை இடைவெளி 1.5 எம்எம். என் பைக் ஸ்டட்டில் இருப்பது 1.25. பார்த்தால் தெரியாது. லேத் பட்டறையில் 1.25 டை (மரை வெட்டும் கருவி) போட்டு மரையை ஓட்டிக் கொடுத்தார்கள். நல்லவேளை, நுனியில் இரண்டு மரைதான் போயிருந்தது.

அம்பாசமுத்திரம், ஜீப்:

எங்கள் பக்கம் உப்பும் இல்லை, வெள்ளத்தில் வண்டியும் நிற்கவில்லை. மாஞ்சோலை ரோட்டில் போல்ட் ஒடியாது, ஷாக்கே ஒடியும். வேறொன்றும் சொல்வதற்கில்லை.

பேட்டை, பட்டறைக்காரன்:

நாலு விஷயம் விட்டுப் போயிருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

போல்ட் பரப்போடு பரப்பாக ஒடிந்துவிட்டால் எல்லோரும் ஈஸி அவுட் (ஒடிந்த போல்ட்டில் துளை போட்டு, உள்ளே இறக்கித் திருப்பி எடுக்கும் கருவி) வாங்க ஓடுகிறார்கள். துருப்பிடித்த போல்ட்டில் அது உள்ளே ஒடியும். ஒடிந்தால் டிரில் பிட் அதில் ஏறாது, அத்தனை கெட்டி. ஒடிந்த முகத்தின்மேல் ஒரு நட்டை வைத்து, ஓட்டை வழியாக வெல்டு அடித்து நிரப்புங்கள். பிடிக்க ஒரு தலை கிடைக்கும், அந்தச் சூட்டிலேயே துருவும் விடும். சிவப்பு மங்கிய பிறகு முன்னும் பின்னுமாக அசைத்து எடுக்க வேண்டும். ஒரே பக்கமாக முக்கினால் மறுபடியும் ஒடியும். என்னிடம் வருகிற பத்தில் பாதி, வீட்டில் பைப் போட்டு ஒடித்துக்கொண்டு வருவதுதான், திசையன்விளைக்காரர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சூடு காட்டுவது நட்டுக்கு மட்டும். ஷாக் உடம்பில் நெருப்புப் படக் கூடாது, உள்ளே எண்ணெய், பலவற்றில் அழுத்தத்தோடு கேஸும் உண்டு. வெடிக்கும்.

முன்பக்க ஸ்ட்ரட், அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக இருக்கிற அமைப்பு, வேறு கதை. மேலே நடுவில் ஒரு நட்டு தெரியும், அதைக் கழற்றினால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கருவி இல்லாமல் அதைத் தொடாதீர்கள். இதில் தாடை போன ஒரு பையனை நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி. திசையன்விளைக்காரரே, ஹார்டுவேர் கடையில் வாங்கின போல்ட்டின் தலையில், வலுவைக் குறிக்கிற நம்பர் என்ன இருக்கிறது?

திசையன்விளைக்காரன்:

நீங்கள் கேட்டதும் டார்ச் எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே போனேன். 4.6 என்று இருக்கிறது. எதிர் வீட்டில் காட்டினேன், அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். அறுத்துப் போட்ட பழைய துண்டுகளைத் தேடி எடுத்து, ஒடிந்த தலையைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்த்தால் 8.8. இழுவிசை தாங்குவதில் நான் போட்டது அதில் சரிபாதி. இதை வைத்துக்கொண்டு மூன்று வாரம் உவரிக்குப் போய் வந்திருக்கிறேன்.

இன்று காலை டவுனுக்குப் போய் 8.8 போல்ட் இரண்டு, அதற்குத் தகுந்த நட்டோடு வாங்கி வந்து மாற்றிவிட்டேன். இரண்டு பக்கமும் சேர்த்து இருபது நிமிடம். கிரீஸ் தடவி வைத்திருந்ததால் பழைய 4.6 இரண்டும் இரு விரலால் இழுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்தன.